முதலில் தண்ணீரைப் பார்: ரிச்சர்ட் ட்ரெவித்திக்கின் கதை

1827ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள பல்மத் துறைமுகத்தில் ஒரு மனிதர் கப்பலிலிருந்து இறங்கினார். வயது 56. ஆறடிக்கு மேல் உயரம். பதினொரு வருடங்களுக்கு முன்னர் பெரு நாட்டின் வெள்ளிச் சுரங்கங்களுக்கென்று புறப்பட்டுப் போனவர். திரும்பி வரும்போது அவரிடம் இருந்தவை உடுத்திருந்த உடுப்பு, ஒரு தங்க மணிக்கூடு, படம் வரையும் கவராயம் ஒன்று, திசை பார்க்கும் கருவி ஒன்று, குதிரைச் சவாரிக்குக் காலில் கட்டும் ஒரு சோடி வெள்ளி முட்கள். அவ்வளவுதான். இடையில் அவர் ஒரு போருக்குள் அகப்பட்டிருந்தார். அவருடைய இயந்திரங்களையும் தோண்டிய கனியத்தையும் கையில் சேர்ந்த பணத்தையும் அந்தப் போரும் அதற்குப் பின்வந்த அலைச்சலும் விழுங்கிவிட்டன.

அவர் பெயர் ரிச்சர்ட் ட்ரெவித்திக். நாங்கள் பாடசாலையில் ரயிலைக் கண்டுபிடித்தவர் ஸ்டீவன்சன் என்று மனப்பாடம் செய்தவர்கள். ஆனால் ஸ்டீவன்சன்களின் புகழ்பெற்ற ரொக்கட் இயந்திரம் 1829இல் ஓடுவதற்கு 25 வருடங்களுக்கு முன்னரே, 1804இல், தண்டவாளத்தின் மீது நீராவி இயந்திரத்தை ஓட்டிக் காட்டியவர் இவர். அந்த அநீதியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் இவரைத் தேடிப் போனது ரயிலுக்காக அல்ல. எங்கள் பக்கத்து அரிசி மில்களின் பொயிலர்களைப் பற்றி எழுதுவதற்காகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது, ஒவ்வொரு கேள்வியின் அடியிலும் இவர் பெயரே வந்து நின்றது.

கல்முனையிலிருந்து சம்மாந்துறைக்கோ, நிந்தவூரைத் தாண்டி அக்கரைப்பற்றுப் பக்கமோ போகிறவர்களுக்கு மில்களின் புகைபோக்கிகளைத் தெரியும். வயலிலிருந்து வரும் நெல்லை ஊறவைத்து, நீராவியில் அவித்து, காயவைத்துப் பிறகு குற்றுகிறார்கள். அவிப்பதற்கான நீராவி பொயிலரிலிருந்து வருகிறது. பொயிலரை எரிப்பது அந்த நெல்லின் உமியே. நெல்லின் நிறையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி என்பதால் எரிபொருளுக்கு வெளியே போக வேண்டியதில்லை. செங்கல் கட்டுக்குள் கிடையாகப் படுத்திருக்கும் பெரிய இரும்பு உருளை, அதன் நடுவால் ஒரு நெருப்புக் குழாய், குழாயைச் சுற்றித் தண்ணீர். பழைய மில்களில் பார்க்கக்கூடிய இந்த வடிவத்துக்கு உலகம் முழுவதும் கோர்னிஷ் பொயிலர் என்று பெயர். கோர்ன்வால் என்ற பிரதேசத்தின் பெயரால் வந்தது. அந்த வடிவத்தை 1812 அளவில் உருவாக்கியவர் ட்ரெவித்திக்.

கோர்ன்வால் செம்பும் தகரமும் கிடைக்கும் சுரங்க நாடு. அங்கே கம்போர்ன், ரெட்ரூத் என்ற இரண்டு ஊர்களுக்கு இடையில் 1771 ஏப்ரல் 13ஆம் திகதி அவர் பிறந்தார். தந்தை சுரங்க மேற்பார்வையாளர். ஆறு பிள்ளைகளில் ஒரே ஆண் பிள்ளை. பள்ளி ஆசிரியருக்கு இவர் மீது நல்ல அபிப்பிராயம் இருக்கவில்லை. சொல் கேளாதவன், மந்தமானவன், பிடிவாதக்காரன் என்று குறித்து வைத்தார். கணக்கில் மட்டும் பையன் சரியான விடைக்கு வந்துவிடுவான், ஆனால் ஆசிரியர் சொல்லிக்கொடுத்த வழியால் அல்ல. 19 வயதில் சுரங்க வேலைக்குப் போனார். 1797இல் ஹெயில் என்ற ஊரின் இரும்பு வார்ப்பாலை உரிமையாளரின் மகளான ஜேன் ஹார்வியை மணந்தார். அந்தப் பெண்ணின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும், பின்னால் வருவார்.

சுரங்கம் ஆழமாகப் போகப் போக ஊற்றுத் தண்ணீர் நிரம்பும். அதை இறைக்க இயந்திரம் வேண்டும், இயந்திரத்துக்கு நிலக்கரி வேண்டும். கோர்ன்வாலில் நிலக்கரி இல்லை. வேல்ஸிலிருந்து கப்பலில் வர வேண்டும். ஜேம்ஸ் வாட்டின் இயந்திரம் பழையதைவிடக் குறைவாக நிலக்கரி தின்றது, ஆனால் மிச்சமாகும் நிலக்கரியின் பெறுமதியில் மூன்றில் ஒரு பங்கை வாட்டின் கம்பனிக்குக் கட்ட வேண்டும். 1769இல் பெற்ற காப்புரிமையைப் பாராளுமன்றம் 1800 வரை நீட்டிக் கொடுத்திருந்தது. சுரங்கக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினார்கள். ஒரு கம்பனியின் கையில் மொத்தத் தொழிலும் சிக்கினால் என்ன நடக்கும் என்பதை நெல் விற்கும் எங்கள் விவசாயிகளுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

வாட்டின் இயந்திரத்தில் நீராவியின் அழுத்தம் மிகக் குறைவு, வெளிக்காற்றைவிடச் சதுர அங்குலத்துக்கு ஐந்து இறாத்தல் போலத்தான் கூட. வேலையின் பெரும்பகுதியைச் செய்வது நீராவி குளிர்ந்து தண்ணீராகும்போது உண்டாகும் வெற்றிடமும் அதை நோக்கி அழுத்தும் காற்றும். அதற்குப் பெரிய உருளை வேண்டும், குளிர்விக்கும் தொட்டி வேண்டும், இறைக்கும் பம்பி வேண்டும். ட்ரெவித்திக் வேறு மாதிரி யோசித்தார். நீராவியைப் பல மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோய், வேலை முடிந்ததும் குளிர்விக்காமல் வெளியே விட்டுவிட்டால் எவ்வளவு நட்டம் வரும்? கணிதம் படித்த நண்பர் டேவிஸ் கிடியிடம் கேட்டார். ஒரு வளிமண்டல அழுத்தம் மட்டுமே நட்டம் என்று பதில் வந்தது. அப்படியென்றால் அந்தத் தொட்டியும் பம்பியும் தேவையில்லை. இயந்திரம் சிறியதாகும். சிறியதானால் சக்கரத்தின் மேல் ஏற்றலாம்.

1801 டிசம்பர் 24ஆம் திகதி மாலை கம்போர்ன் ஊரின் மேட்டில் குதிரை இல்லாத வண்டி ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏறியது. ஊரே கூடிப் பார்த்தது. சில நாட்களுக்குள் அதே வண்டி வீதியில் பழுதாகி நின்றது. அதை ஒரு கொட்டிலுக்குள் தள்ளிவிட்டு ட்ரெவித்திக்கும் கூட்டாளிகளும் பக்கத்து விடுதிக்கு வாத்து இறைச்சி சாப்பிடப் போனார்கள். அடுப்பில் நெருப்பு எரிந்துகொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. பொயிலரின் தண்ணீர் வற்றியது. இரும்பு பழுக்கக் காய்ந்தது. கொட்டிலும் வண்டியும் எரிந்து போயின.

யாருக்கும் காயமில்லை என்பதால் இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். இரண்டு வருடங்களுக்குள் சிரிக்க முடியாத ஒன்று நடந்தது.

1803 செப்டெம்பரில், லண்டனுக்கு அருகே கிரினிச்சில், கட்டட அத்திவாரத்திலிருந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ட்ரெவித்திக்கின் உயர் அழுத்தப் பொயிலர் ஒன்று வெடித்தது. நான்கு பேர் இறந்தனர். பொயிலருக்குப் பொறுப்பாயிருந்தவன் ஒரு சிறுவன். விலாங்கு மீன் பிடிக்கப் போகும் ஆசையில் இன்னொரு தொழிலாளியிடம் அதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அந்தத் தொழிலாளி இயந்திரத்தை நிறுத்தினார். ஆனால் பாதுகாப்பு வால்வை விடுவிக்கவில்லை. நீராவிக்குப் போக வழியில்லை. ஒரு பிள்ளையின் கையில் பொயிலரைக் கொடுத்தது யார் என்ற கேள்வியை அந்தக் காலத்தில் யாரும் பெரிதாகக் கேட்டதாகத் தெரியவில்லை. வாட்டின் கம்பனி இந்த மரணங்களைத் தன் போட்டியாளருக்கு எதிராகப் பயன்படுத்தியது. உயர் அழுத்த நீராவியைக் கொண்டுவந்ததற்காக இவரைத் தூக்கில் போட வேண்டும் என்று வாட் சொன்னதாகப் பின்னாளில் ட்ரெவித்திக் ஒரு கடிதத்தில் வருத்தத்தோடு குறிப்பிட்டார்.

அவர் உயர் அழுத்தத்தைக் கைவிடவில்லை. ஆனால் வெடித்த பொயிலரிலிருந்து பாடம் எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் செய்த பொயிலர்களில் இரண்டு பாதுகாப்பு வால்வுகள் இருந்தன. ஒன்றில் மட்டும்தான் தொழிலாளியின் கை படலாம், மற்றது அவருக்கு எட்டாது. இன்னொன்றும் செய்தார். நெருப்புக்கு மேலுள்ள தகட்டில், தண்ணீர் இறங்கக்கூடாத மட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு துளையிட்டு அதை ஈயத்தால் அடைத்தார். ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகும். மேலே தண்ணீர் நிற்கும்வரை அந்தத் தண்ணீர் சூட்டை எடுத்துக்கொண்டேயிருக்கும், இப்படிப்பட்ட பொயிலர்களில் அது 200 பாகையையும் எட்டாது, ஈயம் அசையாது. தண்ணீர் இறங்கி ஈயம் வெளியே தெரிந்தால் அது உருகும், நீராவி துளையால் சீறிக்கொண்டு நெருப்பின் மீது பாயும், சத்தமே எச்சரிக்கை. மின்சாரம் வேண்டாம், மணி வேண்டாம், விழித்திருக்கும் ஆளும் வேண்டாம். கடைசி நேரத்தில் ஒரு துண்டு ஈயம் தன்னை அழித்துக்கொண்டு மற்றவர்களைக் காப்பாற்றும். இருநூறு வருடங்களுக்குப் பிறகும் உருகும் அடைப்பு என்ற இந்த யோசனை பயன்பாட்டில் இருக்கிறது. ட்ரெவித்திக்கின் எல்லாக் கண்டுபிடிப்புகளிலும் எனக்குப் பிடித்தது இதுதான், ரயில் அல்ல.

என் மூத்தப்பா எண்பதுகளில் எங்கள் பக்கத்து மில் ஒன்றில் பொயிலர் பார்த்தவர். ட்ரெவித்திக் என்ற பெயரை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் சுபஹுத் தொழுதுவிட்டு மில்லுக்குள் போனதும் அடுப்பைப் பார்க்க மாட்டார், தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயைத்தான் பார்ப்பார் என்று வாப்பா சொல்லுவார். கண்ணாடியில் தண்ணீர் தெரியாவிட்டால் நெருப்பை முதலில் இழுத்து வெளியே எடுக்க வேண்டும். காய்ந்து பழுத்த பொயிலருக்குள் குளிர்ந்த தண்ணீரை விட்டால் அதுவே கொல்லும். இது அவர் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒழுங்கு. 1990இல் ஊர் கலைந்தபோது மில்லும் பூட்டப்பட்டது. நாங்கள் திரும்பி வந்து பார்க்கையில் இரும்பு உருளை மட்டும் செங்கல் கட்டுக்குள் கிடந்தது. பித்தளை வால்வுகள், அழுத்தமானி, கண்ணாடிக் குழாய், குழாய் இணைப்புகள் எல்லாம் கழற்றப்பட்டிருந்தன. மூத்தப்பா அதற்குப் பிறகு எந்தப் பொயிலருக்கும் பக்கத்தில் போகவில்லை.

அவர் அடிக்கடி சொன்ன இன்னொரு விடயம் தண்ணீரின் குணம். கடலுக்கும் களப்புக்கும் இடையில் மணலில் தோண்டிய எங்கள் கிணறுகளில் எல்லாத் தண்ணீரும் ஒன்றல்ல. ஒன்றில் சோறு நன்றாக வேகும், மற்றதில் சவர்க்காரம் நுரைக்காது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது எதுவோ அதுவே பொயிலரின் குழாயிலும் படிகிறது, ஆனால் கேத்தலை விடப் பல மடங்கு வேகத்தில், ஏனென்றால் அங்கே நாள் முழுவதும் தண்ணீர் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கிறது, தண்ணீரிலிருந்த சுண்ணாம்பும் உப்பும் உள்ளேயே தங்கிவிடுகின்றன. படிவு சூட்டைக் கடத்தாது. அதன் மறுபக்கத்தில் நெருப்பு எரிகிறது. தண்ணீருக்குப் போக வேண்டிய சூடு தகட்டிலேயே தங்கி, தகடு மெல்ல மெல்லத் தளர்கிறது. ஈய அடைப்பின் மேலே படிவு மூடிவிட்டால் அந்தக் காவலாளியையும் நம்ப முடியாது. 2004 சுனாமி எங்கள் கரையோரக் கிணறுகளில் கடல்நீரை நிரப்பிவிட்டுப் போன பிறகு, குடிக்க மட்டுமல்ல, இப்படியான வேலைகளுக்கும் தண்ணீரைப் புதிதாகத் தேட வேண்டியதாயிற்று.

பொயிலருக்குப் போகும் தண்ணீரைச் சுத்தமாக்க இன்று பல வழிகள். சாதாரண உப்புக் கரைசலால் புதுப்பிக்கப்படும் பிசின் மணிகளுக்கூடாகத் தண்ணீரை விட்டால் சுண்ணாம்பு அங்கே தங்கிவிடும். அடியிலுள்ள வால்வைத் தினமும் சிறிது நேரம் திறந்து கலங்கலை வெளியே அடித்துவிட வேண்டும். இவை பின்வந்தவர்களின் வேலை. ட்ரெவித்திக் செய்தது இன்னும் எளியது: தண்ணீரைப் பொயிலருக்குள் விடுவதற்கு முன்னரே சூடாக்கினார்.

வெளியே விடப்படும் நீராவியில் இன்னும் சூடு இருக்கிறது. அதைக் காற்றுக்குக் கொடுத்து என்ன பயன்? இவருடைய இயந்திரங்களில் அந்த நீராவிக் குழாயைச் சுற்றி ஓர் உறை இருந்தது. பொயிலருக்குப் போகும் குளிர்ந்த தண்ணீர் அந்த உறைக்கூடாகப் போனது. போகும் வழியிலேயே சூடேறியது. இன்றும் பொறியியலாளர்கள் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள்: பொயிலருக்குள் விடும் தண்ணீரை 6 பாகை கூடச் சூடாக்கினால் எரிபொருளில் ஒரு வீதம் மிச்சம். கிணற்றிலிருந்து 30 பாகையில் வரும் தண்ணீரை 90 பாகைக்குக் கொண்டுவந்தால் பத்தில் ஒரு பங்கு. பணம் மட்டுமல்ல. சூடாக்கும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன் வெளியேறுகிறது. இரும்பைத் துருப்பிடிக்கச் செய்து துளை போடுவது அந்த ஒட்சிசனே. சுண்ணாம்பின் ஒரு பகுதியும் பொயிலருக்கு வெளியிலேயே படிந்துவிடும், சுரண்டி எடுக்கலாம். பழுக்கக் காய்ந்த தகட்டின் மீது பச்சைத் தண்ணீர் விழுந்து அது சுருங்கி வெடிப்பதும் குறையும்.

1804 பெப்ரவரி 21ஆம் திகதி வேல்ஸின் பெனிடாரன் இரும்பாலையிலிருந்து அப்படியான ஓர் இயந்திரம் 10 தொன் இரும்பையும் ஐந்து பெட்டிகளில் 70 ஆட்களையும் இழுத்துக்கொண்டு 16 கிலோமீற்றர் அளவான தூரத்தை நான்கு மணித்தியாலமும் ஐந்து நிமிடமும் எடுத்து ஓடியது. ஆலை உரிமையாளர்கள் இருவர் 500 கினி பந்தயம் கட்டியிருந்தார்கள். வென்றது ட்ரெவித்திக்கின் பக்கம். ஆனால் வார்ப்பிரும்புத் தண்டவாளங்கள் அதன் பாரத்தைத் தாங்காமல் உடைந்தன. இயந்திரம் காலத்துக்கு முன்னே வந்துவிட்டது, பாதை வரவில்லை. 1808இல் லண்டனில் வட்டப் பாதை போட்டு ஒரு சிலிங் கட்டணத்துக்கு ஆட்களை ஏற்றினார். அதிலும் தண்டவாளம் உடைந்தது. அதே வருடத் தொடக்கத்தில் தேம்ஸ் நதிக்குக் கீழே சுரங்கப்பாதை தோண்டிக்கொண்டிருந்தபோது நதி உள்ளே பாய்ந்தது. ஆட்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டுக் கடைசியாக வந்த அவர் மூழ்கிப்போகும் தறுவாயில் தப்பினார்.

கப்பல்களில் குடிதண்ணீரை மரப் பீப்பாய்களில் வைத்தால் அது நாறிவிடும். அதற்குப் பதிலாக இரும்புத் தாங்கிகள் செய்யும் வேலையில் ஒரு பங்காளியோடு இறங்கினார். யோசனை நல்லது, பின்னாளில் எல்லாக் கப்பல்களிலும் வந்தது. ஆனால் இவருக்கு அது 1811இல் வங்குரோத்தில் முடிந்தது. கடன்காரர்களுக்கு ஒரு பவுணுக்கு 16 சிலிங் வீதம் கட்டி, 1814இல்தான் அதிலிருந்து மீண்டார். அந்த நெருக்கடிக்குள் இருந்தபடிதான் கோர்னிஷ் பொயிலரையும், பண்ணையில் தானியம் அடிக்கும் நீராவி இயந்திரம் ஒன்றையும் செய்தார். நெருப்பைப் பொயிலருக்கு அடியில் வைக்காமல் அதன் வயிற்றுக்குள்ளே வைத்து, சூடான புகையைப் பிறகு கீழாலும் பக்கத்தாலும் சுற்றிவரச் செய்ததில் எரிபொருள் குறைந்தது, அழுத்தம் கூடியது. சுரங்கங்கள் அவருடைய பொயிலர்களுக்கு மாறின. இலாபம் சுரங்க முதலாளிகளுக்குப் போனது.

பெருவின் அழைப்பு அந்த நேரத்தில் வந்தது. செரோ தே பாஸ்கோ என்ற வெள்ளிச் சுரங்க நகரம் கடல் மட்டத்திலிருந்து 4,300 மீற்றருக்கு மேலே இருக்கிறது. சுரங்கங்களில் தண்ணீர் நிரம்பிவிட்டது. அங்கே காற்று மெலிவு. தண்ணீரே 86 பாகையளவில் கொதித்துவிடும். காற்றின் அழுத்தத்தை நம்பி வேலைசெய்யும் வாட்டின் இயந்திரம் அந்த உயரத்தில் பயன்படாது. அதன் பாகங்களைக் கோவேறு கழுதையில் ஏற்றி மலைப்பாதையால் கொண்டுபோகவும் முடியாது. ஊவில் என்ற ஒருவர் இதற்கு வழி தேடி லண்டனுக்கு வந்து, ஒரு கடைக் கண்ணாடிக்குள் இருந்த ட்ரெவித்திக்கின் சிறிய மாதிரி இயந்திரத்தை 20 கினிக்கு வாங்கிக்கொண்டு போய் மலை உச்சியில் ஓட்டிப் பார்த்தார். ஓடியது. 1814இல் ஒன்பது இயந்திரங்கள் கப்பலேறின. 1816 ஒக்டோபர் 20ஆம் திகதி, இயந்திரங்கள் சரியாகப் போகவில்லை என்று கேள்விப்பட்டு, மனைவியையும் ஆறு பிள்ளைகளையும் விட்டுவிட்டு ட்ரெவித்திக்கும் ஒரு திமிங்கில வேட்டைக் கப்பலில் புறப்பட்டார்.

தொடக்கத்தில் அவரைக் கொண்டாடினார்கள். பிறகு பங்காளிகளிடையே பிணக்கு. அதற்குப் பின் போர். ஸ்பானிய ஆட்சிக்கும் விடுதலைப் படைகளுக்கும் இடையிலான யுத்தத்தில் அந்த நகரம் ஒரு தரப்பிடமிருந்து மற்றத் தரப்பிடம் கைமாறிக்கொண்டிருந்தது. இயந்திரங்கள் உடைக்கப்பட்டன, பாகங்கள் அவர் எந்தச் சுரங்கத்திலிருந்து தண்ணீரை இறைக்க வந்தாரோ அதே சுரங்கத்துக்குள் தள்ளப்பட்டன. பொலிவாரின் படையில் அவரையும் சேர்த்துக்கொண்டார்கள். அவர்களுக்காக ஒரு துப்பாக்கியும் வடிவமைத்துக் கொடுத்தார். பிறகு விடுவிக்கப்பட்டு, சொந்தமாக ஒரு செம்பு, வெள்ளிச் சுரங்கத்தில் வேலையைத் தொடங்கினார். 5,000 பவுண் பெறுமதியான கனியம் ஏற்றுமதிக்குத் தயாராக இருந்த நேரத்தில் மீண்டும் படைகள் வந்தன. எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினார்.

அந்த வரலாற்றை எழுதியவர்கள் இந்தப் பகுதியை ஒரு சாகசக் கதை போலச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். எனக்கு அப்படி வாசிக்க முடியவில்லை. களஞ்சியத்தில் நெல்லை அப்படியே விட்டு, அடுப்பில் உலையை அப்படியே விட்டு இரவோடிரவாக வெளிக்கிட்ட குடும்பங்களின் கதைகளைத் தமிழ் ஊர்களிலும் முஸ்லிம் ஊர்களிலும் கேட்டுப் பதிவு செய்தவள் நான். மலைக்கு மேலே குவித்து வைத்த கனியத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு இறங்கும் மனிதரை எனக்கு நன்றாகத் தெரியும்.

சிலியிலும் பெருவிலும் கரையோரமாக அலைந்து, மூழ்கிய கப்பலொன்றிலிருந்து செம்பையும் தகரத்தையும் எடுத்துக் கொஞ்சம் பணம் சேர்த்தார். அதை முத்துக்குளிப்பில் போட்டு இழந்தார். கொஸ்தாரிக்காவில் சுரங்கம் தேடினார். அங்கிருந்து அத்திலாந்திக் கரைக்குக் காட்டுக்கூடாக வந்த பயணத்தில் அவரோடு வந்த ஒருவர் ஆற்றில் அள்ளுண்டு போனார். பின்னர் கொலம்பியாவின் கரையோரத்தில் படகு கவிழ்ந்து முதலையிடமிருந்து காப்பாற்றப்பட்டார். கார்த்தகேனா துறைமுகத்தில் பணமில்லாமல் நின்றபோது ஓர் இளம் ஆங்கிலப் பொறியியலாளர் அவரை அடையாளம் கண்டு ஊர் போய்ச் சேர 50 பவுண் கொடுத்தார். அந்த இளைஞர் ரொபர்ட் ஸ்டீவன்சன், இரண்டு வருடங்களில் ரொக்கட்டை ஓட்டப் போகிறவர்.

பதினொரு வருடமும் ஜேன் தனியாக ஆறு பிள்ளைகளை வளர்த்தார். கடிதங்கள் அரிதாகவே வந்தன. சகோதரரின் உதவியோடு ஹெயிலில் ஒரு விடுதியை நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினார். கணவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் கழித்த மாதங்கள் எத்தனை என்று எந்தப் புத்தகத்திலும் கணக்கில்லை. எங்கள் ஊர்களில் இப்படிக் காத்திருக்கும் பெண்களுக்கு அந்தக் கணக்கு நாள்வரைக்கும் தெரியும்.

1828இல் ட்ரெவித்திக் பாராளுமன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தார். தன்னுடைய பொயிலரால் நாட்டுக்கு மிச்சமான நிலக்கரியைக் கணக்குக் காட்டி, ஓர் உதவித் தொகை கேட்டார். மறுத்துவிட்டார்கள். வாட்டுக்குக் காப்புரிமையை நீட்டிக் கொடுத்த அதே பாராளுமன்றம்.

கடைசி வருடங்களில் அவர் மீண்டும் தண்ணீரிடமே திரும்பினார் என்பதை ரயில் கதை சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அந்தக் காலத்து நீராவிக் கப்பல்கள் பொயிலருக்குக் கடல்நீரையே விட்டன. உப்புக் கட்டிக்கொண்டே வரும். அடிக்கடி பொயிலரிலிருந்து சூடான உப்புநீரை வெளியே கொட்டிப் புதுக் கடல்நீரை எடுக்க வேண்டும். கொட்டும் ஒவ்வொரு தடவையும் எரித்த நிலக்கரியும் கடலுக்குப் போகும். ட்ரெவித்திக்கின் யோசனை, நீராவியை மூடிய குழாய்களுக்குள் குளிர்வித்து, அந்தத் தண்ணீரையே திரும்பவும் பொயிலருக்கு விடுவது. ஒருமுறை ஆவியாகிக் குளிர்ந்த தண்ணீரில் உப்பில்லை, சுண்ணாம்பில்லை. ஒரே தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும். சூடும் கொஞ்சம் அதோடு திரும்பி வரும். 1831இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று மின்நிலையங்களில் நடப்பது அடிப்படையில் இதுதான். மில்களிலும் நெல்லை நேரடியாகத் தொடாத குழாய்களில் குளிர்ந்து சொட்டும் தண்ணீரை நிலத்தில் விடாமல் தொட்டிக்குத் திருப்பினால் கிடைப்பதும் இதே இலாபம், கிணற்றில் இறைத்ததைவிடச் சுத்தமான சுடுதண்ணீர்.

அந்தக் காப்புரிமையாலும் அவருக்குப் பணம் வரவில்லை. லண்டனுக்குக் கிழக்கே டார்ட்போர்ட் என்ற ஊரில் ஓர் இயந்திர ஆலையில் வேலை செய்துகொண்டு ஒரு விடுதி அறையில் தங்கியிருந்தார். நுரையீரல் அழற்சியில் விழுந்து, 1833 ஏப்ரல் 22ஆம் திகதி, 62 வயதில் இறந்தார். பக்கத்தில் உறவினர் யாரும் இருக்கவில்லை. பெட்டிக்குப் பணம் இருக்கவில்லை. ஆலையில் கூட வேலை செய்தவர்கள் காசு சேர்த்தார்கள், தோளில் சுமந்தார்கள். பிரேதங்களைத் தோண்டி மருத்துவப் பள்ளிகளுக்கு விற்கும் திருடர்கள் இருந்த காலம் அது. ஆகவே அந்தத் தொழிலாளர்கள் இரவில் கல்லறைக்குக் காவலும் போட்டார்கள். கல் எதுவும் நடவில்லை. அந்த மையவாடியில் அவர் படுத்திருக்கும் சரியான இடம் இன்று யாருக்கும் தெரியாது.

ஜேன் அதற்குப் பின்னர் முப்பது வருடங்களுக்கு மேல் வாழ்ந்தார். மகன் பிரான்சிஸ் ரயில் பொறியியலாளரானார். தந்தையின் கடிதங்களையும் கணக்குப் புத்தகங்களையும் திரட்டி, பழைய சுரங்கத் தொழிலாளர்களைத் தேடிப்போய் விசாரித்து, 1872இல் இரண்டு பாகங்களில் அவருடைய வாழ்க்கையை எழுதி வெளியிட்டார். எந்தப் பொயிலருக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நிலக்கரி, எந்த ஆண்டு என்ற விபரங்கள் அதில் பக்கம் பக்கமாக இருக்கின்றன.